சுவரின் அந்தப் பக்கம்

தலைமாடு தெற்கே வரும்படி பெட்டியைத் திருப்பியபோது அது சோபாவில் இடித்தது. ஈமச்சடங்குக்காரர்கள் இருவரும் தாரணியைப் பார்த்தார்கள். தாரணி தன் கணவன் ரமணனைப் பார்த்தாள். ரமணன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு சோபாவின் ஒரு முனையைத் தூக்கினான். மறுமுனையைத் தூக்க வந்தவர் மேல்மாடி நாகூர் கனி. வயசான காலத்தில் வேண்டாமென்று நாலு பேர் தடுத்தும் கேட்கவில்லை. சோபாவை நகர்த்திச் சமையலறை வாசலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத்தான் மூச்சு வாங்கினார்.

பெட்டி நேராக நின்றது. அதற்குள் அப்பா வெள்ளை வேட்டி சட்டையில் நேராகப் படுத்திருந்தார். அவர் தலைக்கு நேர் மேலே, சுவரில், அந்த ஈரத்திட்டு.

வந்தவர்கள் எல்லாரும் முதலில் அப்பாவின் முகத்தைப் பார்த்தார்கள். கையெடுத்துக் கும்பிட்டார்கள். பிறகு துக்கத்தில் முகத்தை நிமிர்த்தினார்கள். நிமிர்த்திய முகம் அப்படியே நின்றுவிட்டது. அந்தச் சுவரில் ஒரு கதவு அகலத்துக்குச் சுண்ணாம்பு உப்பி, சாயம் உரிந்து, நடுவில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு. அந்தக் கோட்டைச் சுற்றி இன்னொரு கோடு. அதற்கும் வெளியே இன்னும் ஒன்று.

“இதுதான் அந்த ஓதமா?” என்று கேட்டார் தேக்கா சந்தைக் காய்கறிக் கடைக்காரர் ஒருவர், திருத்தலத்துக்கு வந்தவரைப் போன்ற குரலில்.

“இதேதான்” என்றார் கனி. “சேது சொல்லியிருப்பானே.”

“கடையில வந்து உக்காந்தா வேற பேச்சே கிடையாது. மேல இருக்கற பாய் டாய்லெட்லேர்ந்து வருதுன்னு சொல்வாரு.”

“அந்த பாய் நான்தான்.”

கடைக்காரர் தர்மசங்கடத்துடன் அப்பாவைப் பார்த்தார். அப்பா இதில் தனக்குச் சம்பந்தமில்லை என்பதுபோல் சிரித்த முகமாகக் கிடந்தார்.

அவர் போனது அன்று காலையில்தான். யாருக்கும் சிரமம் கொடுக்கவில்லை. இரவு தயிர் சோறு சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அம்மா கமலா அதை வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரே மாதிரி சொன்னாள். “காப்பி வேணுமான்னு கேக்கக் கையத் தொட்டேன். சில்லுன்னு இருந்துச்சு. இவருக்கு எப்பவும் சில்லுன்னுதான இருக்கும்னு நான்பாட்டுக்குப் போய்க் காப்பியக் கலந்துட்டேன். கொண்டாந்து வச்சு, ஆறி, ஆடை படிஞ்சப்பறந்தான்…” அந்த இடத்தில் நிறுத்துவாள். கேட்பவர்கள் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அவள் கையைப் பிடித்துக்கொள்வார்கள். அம்மா மட்டும் அழவில்லை. அதுதான் தாரணிக்குக் கவலையாக இருந்தது.

அப்பாவின் கை ஏன் எப்போதும் சில்லென்று இருக்கும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். சேதுபதி சிங்கப்பூர்த் தேக்கா உணவங்காடியில் பரோட்டாக் கல்லின் முன்னால் நின்றே ஆயுளில் பாதியைக் கழித்தவர். முன்னால் கல், பின்னால் பக்கத்துக் கடைக்காரரின் மீன்தலைக் கறி அடுப்பு, மேலே பேருக்கு ஒரு காற்றாடி. முழங்கால் இனிமேல் முடியாது என்று சொன்னபோது கடையைக் கைமாற்றிவிட்டுக் கிளமெண்டி வீட்டில் வந்து உட்கார்ந்தார். வந்து வாங்கிய முதல் பொருள் ஏர்கான். படுக்கையறைச் சன்னலுக்கு மேலே அதைப் பொருத்தி, ரிமோட்டில் இதற்குக் கீழே எண்ணே கிடையாது என்கிற இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். இரவும் அங்கேதான், மதியத் தூக்கமும் அங்கேதான். யாராவது அறைக்குள் எட்டிப் பார்த்தால் “கதவச் சாத்து, குளிர் போயிடும்” என்று குரல் வரும்.

அம்மா அதே கட்டிலில், முஸ்தபா கடையில் வாங்கிய ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் காலுறையுமாக, இமயமலைக்குக் கிளம்பியவளைப் போல் படுப்பாள். “மனுஷன் தூங்கற ரூமா இது? மீன் வைக்கற ரூமு” என்று திட்டுவாள். திட்டிக்கொண்டே தூங்கியும்விடுவாள்.

ஈரத்திட்டு அதற்கப்புறம் வந்தது. கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவிலுள்ள சுவரில், கூடத்துப் பக்கம், முதலில் ஒரு கைக்குட்டை அளவு. அந்தச் சுவருக்குள் தண்ணீர்க் குழாய் இல்லை என்று வீடமைப்பு வளர்ச்சிக் கழக வரைபடமே சொன்னது. அப்படியானால் மேலேயிருந்துதான் வரவேண்டும் என்று அப்பா முடிவுகட்டினார். மேலே இருந்தவர் கனி. அப்பா படியேறிப் போய்க் கதவைத் தட்டி, “பாய், உங்க டாய்லெட் எங்க வீட்டுக்குள்ள வருது” என்றார். அவர்கள் பேசிக்கொண்ட முதல் வார்த்தை அதுதான். அதுவரை பல வருஷம் ஒரே மின்தூக்கியில் போய்வந்தவர்கள், ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டியதோடு சரி.

கனி நியாயஸ்தர். கழிப்பறைத் தரையை இரண்டு தடவை உடைத்து வேறு பதித்தார். ஈரம் போகவில்லை. ஒரு கான்ட்ராக்டர் வந்து, கழிப்பறைத் தரையில் சாயம் கலந்த தண்ணீரைக் கட்டிவைத்தால் கசிவு எங்கே வருகிறதென்று கீழே தெரிந்துவிடும் என்றார். என்ன நிறம் என்று அப்பாவுக்கும் கனிக்கும் ஒரு மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் பச்சை. கீழே எல்லாரும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பச்சையாக எதுவும் வரவில்லை. கனியின் உள்ளங்கால்கள்தான் ஒரு வாரம் பச்சையாக இருந்தன.

“தண்ணி வருது, சாயம் வரலன்னா என்ன அர்த்தம்?” என்றார் கனி.

“உங்க வீட்டுத் தண்ணி கெட்டிக்காரத் தண்ணின்னு அர்த்தம்” என்றார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமைதோறும் கனி கீழே இறங்கி வருவார். வைத்தியர் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதுபோல் சுவரைத் தொட்டுப் பார்ப்பார். அப்பா பென்சிலை எடுத்து ஈரத்தின் விளிம்பில் புதுக்கோடு போடுவார். திட்டுக்குச் சிங்கப்பூர்த் தீவின் உருவம் வந்துவிட்டது என்று சொல்லி, மேற்கு ஓரத்தைக் காட்டி, “துவாஸ் பக்கம் இந்த வாரம் நிலம் சேத்திருக்கான் பாய்” என்பார். பிறகு தேநீர். பிறகு சண்டை. பிறகு அம்மா போடும் சாப்பாடு. கழிப்பறைக்காகத் தொடங்கிய விரோதம் இப்படித்தான் சீரழிந்தது.

திட்டுக்கு இடப்புறம் அப்பாவின் அப்பா படம், வலப்புறம் அவருடைய அம்மா படம். இரண்டும் ஓதத்துக்குப் பயந்து வருஷத்துக்கு வருஷம் தள்ளித் தள்ளிப் போயிருந்தன. நடுவில் ஈரம். “அந்த நடு எடம் என்னோடது. ரிசர்வ் பண்ணியாச்சு” என்று அப்பா சொல்லுவார். “ஆனா ஓதம் காயாம என்னைய அங்க மாட்டிடாதீங்க. ஆயுசு பூரா வேர்வையில நனைஞ்சவன். செத்தப்பறமாச்சும் காஞ்சு கெடக்கணும்.”

இதை அவர் விளையாட்டாகச் சொன்னார் என்றுதான் தாரணி நினைத்திருந்தாள். அன்று மதியம் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா அவளை அருகில் கூப்பிட்டாள்.

“கருமாதி அன்னிக்குப் படம் மாட்டணும்.”

“மாட்டிடலாம்மா.”

“அந்த எடத்துல. அவரு சொன்ன எடத்துல. ஈரமில்லாம.”

“இப்ப எதுக்கும்மா அதெல்லாம்? நீ கொஞ்ச நேரம் படுத்துக்கயேன்.”

“அவரு அவரு எடத்துல ஏறட்டும். அப்பறந்தான் எனக்குத் தூக்கம் வரும்” என்றாள் அம்மா. அவள் குரலில் பிடிவாதம் எதுவும் இல்லை. பஸ் எப்போது வரும் என்று சொல்வதுபோல் சொன்னாள்.

பல வருஷம் ஒரு கட்டட நிபுணரும் கண்டுபிடிக்காததைக் கருமாதிக்குள் எப்படிக் கண்டுபிடிப்பது? தாரணி சுவரைப் பார்த்தாள். ஒரு முத்து மெல்ல உருண்டு இறங்கி, பென்சில் கோட்டில் நின்று, யோசித்து, தாண்டிப்போனது.

அதற்குள் படுக்கையறையில் அத்தையின் சத்தம் கேட்டது. அப்பாவின் தங்கை அவர். சாங்கியங்களில் அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. உயிர் போன இடத்தில் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தவர், “இந்த ஏர்கான நிப்பாட்டுங்க மொதல்ல! காத்துல வெளக்கு ஆடுது பாருங்க. கருமாதி வரைக்கும் அணையக் கூடாது, லா” என்றார். ரமணன் ஓடிப்போய்ச் சுவிட்சை அணைத்தான். அந்த அறையில் அந்த இயந்திரம் ஓய்ந்த சத்தத்தைத் தாரணி அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள்.

மறுநாள் மண்டாய் தகனச்சாலைக்குப் போன பேருந்தில் கனி முன்னிருக்கையில் உட்கார்ந்திருந்தார். வழியெல்லாம் பச்சைத் தண்ணீர்க் கதையைச் சொன்னார். பேருந்தே குலுங்கிச் சிரித்தது. ஓட்டுநர் சீனர், ஒரு வார்த்தை புரியாமல் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து அவரும் சிரித்தார். இறங்கும்போது மட்டும் கனி படியில் கொஞ்ச நேரம் நின்றார். ரமணன் கை கொடுத்து இறக்கிவிட்டான்.

பொங்கோலில் இருக்கும் தங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு, கருமாதி வரை தாரணியும் ரமணனும் கிளமெண்டியிலேயே தங்கினார்கள். அம்மா தூங்கவில்லை. சின்ன அறையில் தாரணியின் பக்கத்தில் படுப்பாள், புரள்வாள், எழுந்து உட்கார்வாள், புழுக்கமாக இருக்கிறது என்று காற்றாடியைக் கூட்டுவாள், காது வலிக்கிறது என்று குறைப்பாள். காலையில் பார்த்தால் கூடத்தில் சோபாவில் உட்கார்ந்து அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கண்ணுக்குக் கீழே கரு வளையம் விழுந்துவிட்டது. வைத்தியர் கொடுத்த மாத்திரையை வாங்கி, மரியாதையாக மேசை டிராயரில் வைத்துக்கொண்டாள்.

தாரணி மூன்று கான்ட்ராக்டர்களுக்குப் போன் செய்தாள். ஒருவர் சுவரை இடிக்கலாம் என்றார். இன்னொருவர் ஒரு நீர்த்தடைச் சாயத்தைப் பற்றி நீண்ட நேரம் பேசினார். மூன்றாமவர் வந்து பார்ப்பதாகச் சொன்ன அன்று, அவர் வருவதற்கு முன் சுவரைத் துடைத்துவைக்கலாம் என்று துணியோடு போன தாரணி அப்படியே நின்றாள். துடைக்க எதுவும் இல்லை. திட்டின் நடுவில்கூட ஈரம் இல்லை. விரலால் தட்டிப் பார்த்தாள். மாவு மாதிரி பொடி உதிர்ந்தது.

முதலில் அவளுக்குக் கத்தத் தோன்றியது. கத்தவும் செய்தாள். “அம்மா! காஞ்சிருச்சு!”

கனி தகவல் கேட்டு மூச்சிரைக்க இறங்கி வந்தார். சுவரில் கையை வைத்தார். புறங்கையை வைத்தார். அவர் முகம் விழுந்துவிட்டது.

“நான் ஒண்ணும் செய்யலயே” என்றார். “எங்க வீட்ல உறவுக்காரங்க வேற வந்து தங்கியிருக்காங்க. எப்பவும்விட அதிகமாத்தான் தண்ணி ஊத்தறோம்.”

“சாவு வீட்ல வச்ச பெரிய ஃபேன் காத்துல காஞ்சிருக்குமோ?” என்றான் ரமணன்.

“அதெல்லாம் இல்ல” என்று அத்தை எழுந்து நின்றார். “எங்கண்ணன்தான். மேல போனதும் மொத வேலையா அத அடச்சுட்டாரு.”

அம்மா மெல்லத் தலையாட்டினாள். அப்பாவின் குணம் தெரிந்த எவருக்கும் அது நடக்காத காரியமாகப் படவில்லை. ஆனால் கனி கொதித்துப்போனார்.

“அது எப்படி? அவன் மேல போய் அடச்சான்னா, மேலேர்ந்துதான் வந்துச்சுன்னு ஆயிடுதுல்ல? செத்துங்கூட என் டாய்லெட்ட விட மாட்டேங்கறானா இவன்?”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அத்தை சிரித்தார். தாரணிக்குச் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டது. அம்மாவும் சிரித்தாள். அவள் முகத்தில் அதைப் பார்த்தபோது, இவ்வளவு போதும், காரணம் எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும் என்று தாரணி நினைத்தாள்.

கருமாதி நல்லபடியாக நடந்தது. ரமணன் பழைய சுண்ணாம்பைச் சுரண்டி வெள்ளை அடித்திருந்தான். அம்மா கேட்டுக்கொண்டதால் பென்சில் கோடுகளை மட்டும் அவன் தொடவில்லை. கோடுகளுக்கு நடுவே ஆணி அடித்து அப்பாவைத் தூக்கி மாட்டினார்கள். அது கடையில் யாரோ எடுத்த படம். நெற்றியில் வேர்வை, கழுத்தில் துண்டு, வாய் நிறையச் சிரிப்பு. சந்தன மாலை போட்டார்கள். தன் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் இடம் பிடித்த மகிழ்ச்சி அந்த முகத்தில் இருந்ததாக எல்லாரும் சொன்னார்கள். அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் வந்தவர்களுக்கெல்லாம் வடை பாயசத்தோடு சாப்பாடு. அத்தை படுக்கையறை விளக்கைக் குளிரவைத்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

கனி சாப்பிட்டுவிட்டு மேலே வந்து படத்தின் முன்னால் நின்றார். பழக்கதோஷத்தில் சுவரைத் தொடக் கையை நீட்டினார். தொட எதுவும் இல்லையென்று நினைவு வந்ததும் கையைச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டார்.

“வரட்டா தங்கச்சி?” என்றார்.

“ஞாயித்துக்கெழம வருவீங்கல்ல பாய்?” என்று கேட்டாள் அம்மா.

“எதுக்கு? அதான் காஞ்சிருச்சே” என்றார் கனி. சொன்னபின், அப்படிச் சொல்லியிருக்க வேண்டாமோ என்பதுபோல் செருப்பை மாட்ட வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

அன்று இரவு அம்மா, “நான் எங்க ரூம்லயே படுத்துக்கறேன்” என்றாள். தாரணி துணைக்கு வருவதாகச் சொன்னபோது, “வேணாம். உனக்கு ஒத்துக்காது” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தாரணி காலையில் எழுந்தபோது வீடு சத்தமில்லாமல் இருந்தது. விடியுமுன்னே எழுந்து உட்கார்ந்திருக்கும் அம்மா சோபாவில் இல்லை. சமையலறையிலும் இல்லை. அப்பாவைப் பார்த்து ஒரு கும்பிடு போடலாம் என்று திரும்பியவள், “ஐயோ” என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

புது வெள்ளையில் முத்து முத்தாக நீர். படத்துக்குப் பின்னாலிருந்து இரண்டு கோடாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. சட்டத்தைத் தூக்கிப் பார்த்தாள். பின் அட்டை ஊறியிருந்தது. ஓடிப்போய் ரமணனை எழுப்பினாள். அவன் எழுந்து வருவதற்குள் கனிக்குப் போன் போட்டாள். கைலியும் கையில் பல் துலக்கும் பிரஷுமாக அவர் வந்து நின்றார்.

“இன்னும் குளிக்கவே இல்லம்மா! சுபுஹு தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செஞ்சது ஒரு சொம்புத் தண்ணி. அது இங்கயா வரும்?”

“மாமா, நான் உங்களச் சொல்லல.”

“அவன் சொல்றான் பாரு” என்று கனி படத்தைக் காட்டினார்.

ரமணன் சுவரைத் தொட்டான். “சில்லுன்னு இருக்கு.”

“ஈரச் செவுரு சில்லுன்னுதான் இருக்கும்” என்றார் கனி. “சேது எப்பவும் சொல்றதுதான்.”

தாரணியும் கையை வைத்தாள். ஆமாம், சில்லென்றுதான் இருந்தது. கையை நகர்த்தினாள். ஈரத்தின் விளிம்பைத் தாண்டினாள். அங்கே சுவர் காய்ந்திருந்தது; ஆனால் அங்கேயும் சில்லென்று இருந்தது. இன்னும் தள்ளி வைத்தாள். அங்கேயும். ஈரம் எட்டாத இடத்துக்குக் குளிர் முன்பே போய் உட்கார்ந்திருந்தது. அன்று காலையில் அப்பாவின் கையைத் தொட்ட அம்மா ஞாபகத்துக்கு வந்தாள். இவருக்கு எப்பவும் சில்லுன்னுதான இருக்கும்.

அவள் மெல்லத் திரும்பிப் படுக்கையறைக் கதவைப் பார்த்தாள். கதவுக்கு அடியிலிருந்து வந்த காற்று அவள் கால்விரல்களில் பட்டது.

கதவைத் திறந்ததும் முகத்தில் குளிர் அறைந்தது. ஏர்கான் உறுமிக்கொண்டிருந்தது. கட்டிலில், தன் பாதியில் மட்டும், ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் காலுறையுமாகப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். லேசாகக் குறட்டை வந்தது. கையில் ரிமோட். இத்தனை நாள் சேர்த்துவைத்த தூக்கமெல்லாம் அந்த முகத்தில் இருந்தது.

தாரணி ஏர்கானை நிமிர்ந்து பார்த்தாள். காற்று வெளியே வரும் மடலை யாரோ கீழே இறங்க விடாமல் சிவப்பு ராஃபியா கயிற்றால் தூக்கிக் கட்டியிருந்தார்கள். பரோட்டாப் பொட்டலம் கட்டுகிற கயிறு, பரோட்டாக்காரரின் முடிச்சு. காற்று கட்டிலில் விழவே இல்லை. அம்மாவின் தலைக்கு மேலாகத் தாண்டிப் போய், எதிர்ச் சுவரில், ஒரே இடத்தில் மோதிக்கொண்டிருந்தது.

“கண்டென்சேஷன்” என்றான் ரமணன், மெதுவான குரலில். “ஐஸ் மைலோ கிளாஸ் வெளிப்பக்கம் வேர்க்குதுல்ல மாமா? அதேதான். இந்தப் பக்கம் ஐஸ். அந்தப் பக்கம் நம்ம ஊரு புழுக்கம். செவுரு வேர்க்குது. விளக்கு எரிஞ்ச வரைக்கும் ஏர்கான் ஓடல; அதான் காஞ்சிருச்சு.”

கனி அறையைப் பார்த்தார். கூடத்துச் சுவரைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். அவருடைய தோள்கள் குலுங்கத் தொடங்கின. சத்தம் வராமலிருக்க பிரஷைப் பிடித்த கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டு, நிலைப்படியில் சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

“என் டாய்லெட்ட ரெண்டு தடவ ஒடச்சேன்யா” என்றார், கண்ணில் நீர் வழிய. “அவன் வேர்க்கறத நிப்பாட்டிட்டான். அவனுக்குப் பதிலா செவுரு வேர்த்திருக்கு.”

அதற்கு மேல் யாராலும் அடக்க முடியவில்லை. மூன்று பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கட்டிலிலிருந்து, கண்ணைத் திறக்காமலே, குரல் வந்தது.

“கதவச் சாத்துங்க. குளிர் போயிடும்.”

சிரிப்பு சட்டென்று நின்றது. பிறகு இன்னும் பலமாக வந்தது. அம்மா எழுந்து உட்கார்ந்து குல்லாவைச் சரிசெய்துகொண்டு, தன் வீட்டு நிலைப்படியில் பல் துலக்காமல் உட்கார்ந்திருக்கும் மேல்மாடிக்காரரை ஆச்சரியத்தோடு பார்த்தாள்.

விஷயத்தைச் சொன்னார்கள். அம்மா முழுதும் கேட்டுக்கொண்டாள். எழுந்து கூடத்துக்குப் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். சேலைத் தலைப்பால் படத்தைத் துடைத்தாள்.

“இதுக்குச் சுலபமா வழி இருக்கு அத்தை” என்றான் ரமணன் மாமியாரிடம். “அந்தக் கயித்த அவுத்துட்டா காத்து ரூம் பூரா பரவிடும். ரிமோட்ல நம்பரையும் கொஞ்சம் ஏத்தி வச்சோம்னா…”

“அந்தக் கயித்த யாரும் தொடக் கூடாது.”

அம்மா திரும்பாமலே சொன்னாள்.

“காத்து மேல பட்டா எனக்குச் சளி புடிச்சுக்கும்னு கட்டினாரு” என்றாள். “ஏணி போட்டு ஏறி, அந்த முழங்காலோட.”

தாரணி அம்மாவின் பக்கத்தில் போய் நின்றாள். “அப்ப அப்பா படம்? ஒண்ணு ஏர்கான், இல்லாட்டி படம்னு ஆயிடுச்சேம்மா. அந்த எடத்துல மாட்டினாத்தான் தூக்கம் வரும்னு நீதான சொன்ன?”

அம்மா படத்தைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு படுக்கையறைக்குள் நடந்தாள்.

“அதே செவுருதான. இந்தப் பக்கம் மாட்டு” என்றாள். “இங்க காஞ்சுதான் கெடக்கு.”

உண்மைதான். உள்பக்கம் சுவர் சருகுபோல் காய்ந்து, சுண்ணாம்பு பளிச்சென்று இருந்தது. நேர் எதிரே ஏர்கான். அந்த வீட்டிலேயே குளிர்ந்த இடம் அதுதான். இத்தனை வருஷம் அதைக் கைவசம் வைத்துக்கொண்டு அப்பா கூடத்தில் இடம் பிடித்திருக்கிறார்.

“அவரு சார்புல நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன் பாய்” என்றாள் அம்மா.

“வேணாம் தங்கச்சி” என்றார் கனி அவசரமாக. “மன்னிப்புக் கேட்டீங்கன்னா கேஸ் முடிஞ்சிடும்.”

ரமணன் சுத்தியலும் ஆணியும் எடுத்து வந்தான். சரியான இடம் எது என்று உள்ளேயிருந்து தெரியவில்லை. கனி கூடத்துக்குப் போனார். பழைய ஆணி இருந்த இடத்தில், ஈரத்தின் நடுவில், விரல் முட்டியால் தட்டினார். டொக், டொக்.

“இங்கயா மாமா?”

“இன்னும் கொஞ்சம் மேல. உங்க மாமனார் என்ன குள்ளமா?”

ஆணி இறங்கியது. அப்பா ஏறினார். அம்மா ரிமோட்டை எடுத்து எண்ணைச் சரிபார்த்துவிட்டுக் கட்டிலில் தன் பாதியில் உட்கார்ந்தாள். எதிர்ச் சுவரில் சந்தன மாலை மெல்ல ஆடியது. தாரணி வெளியே வந்து, சொல்லாமலே கதவைச் சாத்தினாள். தேநீருக்குத் தண்ணீர் வைக்கச் சமையலறைக்குப் போகும் வழியில் சோபாவை ஒரு தள்ளுத் தள்ளிப் பழைய இடத்தில் போட்டாள்.

“பாய்!” என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது. “ஈரம் இருக்கா?”

கனி உள்ளங்கையைச் சுவரில் முழுசாகப் பதித்துப் பார்த்தார்.

“இருக்கு தங்கச்சி. கெழக்க சாங்கி பக்கம் கொஞ்சம் ஏறியிருக்கு.”

“அப்பக் கோடு போட்டுருங்க.”

பென்சில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், வழக்கமான இடத்திலேயே இருந்தது. கனி கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு அதை எடுத்தார். சோபாவில் ஒரு முழங்காலை ஊன்றி ஏறி, மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிவிட்டு, ஈரம் முடிகிற இடத்தைத் தேடிப் பிடித்து, மெல்ல வரைய ஆரம்பித்தார்.